ஜெனரேட்டருக்கும் ஒரு பாடு

ருக்குவின் இரண்டு கைகளும் சோப்புத் தண்ணீருக்குள் இருந்தன. ஆக்சிஜன் மெஷினின் முதுகில் ஒரு பஞ்சுத் தகடு உண்டு. வாரத்துக்கு ஒரு முறை கழுவினால் போதும் என்றுதான் மெஷின் கொடுத்தவர்கள் சொன்னார்கள். அவர்கள் வீடு ஏரிக்கு நடுவில் இல்லை. பழவேற்காட்டு ஏரிக்காற்று உப்பையும் பொடி மணலையும் கொண்டுவந்து கண்ட இடத்தில் அப்பும். அதனால் ருக்கு ஒன்றுவிட்டு ஒரு நாள் கழுவினாள். துணியைப்போல் முறுக்கினால் பஞ்சு கிழியும். உள்ளங்கையில் வைத்து அமுக்கி, அழுக்கு போனதும் நிழலில் உலர்த்துவாள். அதுவரை மாற்றுப் பஞ்சு மெஷினில் இருக்கும்.

மெஷினிலிருந்து கிளம்பிய குழாயின் மறுமுனை அவள் புருஷன் வரதனின் மூக்கில் இருந்தது. வரதன் அறுபதைத் தொடும் ஆள். பீடி பாதி நுரையீரலைத் தின்றுவிட்டது. ஒரு காலத்தில் இந்தக் குப்பத்தில் அவன் குரல் கொடுத்தால் ஏரியில் அடுத்த தீவான பசியாவரத்தில் கேட்கும் என்பார்கள். இப்போது பக்கத்து அறைக்குக் கேட்டால் பெரிசு. கட்டிலில் சாய்ந்து டிவியில் சண்டை பார்த்துக்கொண்டிருந்தான். வடக்கே எல்லையில் சண்டை மூண்டிருந்த மே மாதம் அது. எந்தச் சேனலைத் திருப்பினாலும் சைரன்.

பக்கத்து வீட்டு கீதா செல்போனை நீட்டியபடி உள்ளே வந்தாள்.

"யக்கா, இத்த பாத்தியா? ஊரே இதத்தான் பாத்துகினு கீது."

யாரோ ஒருவர் வீடியோவில் படபடவென்று பேசினார். ஆகாயத்தில், மேகத்துக்கெல்லாம் வெகு உயரத்தில், ஒரு குண்டு வெடித்தால் கீழே ஓர் ஆளுக்கும் காயம் படாதாம். ஆனால் அங்கிருந்து ஒரு மின்காந்த அலை கிளம்பி நாடு பூராவும் ஓடும் மின்கம்பிகளில் இறங்குமாம். பெரிய பெரிய டிரான்ஸ்பார்மர்கள் வெந்துபோகுமாம். அவை கடையில் அடுக்கிவைத்து விற்கும் சாமான் இல்லை. புதிதாகச் செய்து கொண்டுவர மாதங்கள் ஆகலாம், வருஷமும் ஆகலாம். அதுவரை நாடு முழுக்க இருட்டு.

"ஓர் ஆளுக்கும் காயம் படாதாமா?" என்றான் வரதன். "நல்ல குண்டுதான்."

"உங்க மூக்குல கீற குழாயி கரண்டுலதானே மாமா ஓடுது?" என்றாள் கீதா.

வரதன் டிவியை அணைத்தான். ருக்கு பஞ்சை அமுக்கிக்கொண்டே இருந்தாள். கீதாவுக்குக் கவலை செல்போன் பற்றி, ஐஸ் கம்பெனி பற்றி. ஐஸ் இல்லாவிட்டால் இறால் மதியத்துக்குள் நாறிவிடும். ருக்குவுக்கு ஒரே கவலைதான். கரண்டு போய், போனது திரும்பாவிட்டால், இந்த ஆளுக்கு மூச்சுக்கு என்ன வழி?

அன்று சாயங்காலம் சென்னையிலிருந்து மகள் போன் செய்து, இரண்டு பேரும் கிளம்பி வந்துவிடச் சொன்னாள்.

"உன் வூடு அஞ்சாவது மாடி," என்றாள் ருக்கு. "கரண்டு போச்சின்னா லிப்ட் இல்ல, மோட்டார் இல்ல, தண்ணி இல்ல. உங்கப்பன யாரு தூக்கிகினு ஏறுவாங்க? இங்கனா கெணறு கீது. நீதான் கெளம்பி வரணும் போல கீது."

ருக்கு இப்படித்தான். பதினெட்டு வயதில் கல்யாணமாகி வந்த அன்றைக்கே மாமியார் வீட்டுக் கூரையில் ஒழுகும் இடத்தைப் பார்த்துவிட்டு, சாப்பாட்டுக்கு முன்னால் ஓலை கேட்டவள். வரதன் முதன்முதலில் மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மற்ற பெண்கள் வராந்தாவில் அழுதார்கள். ருக்கு நர்ஸின் பின்னாலேயே நடந்து, எந்தக் குமிழைத் திருப்பினால் என்ன ஆகும் என்று கேட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அவள் அழவே மாட்டாள் என்று ஊரில் சொல்வார்கள். அழுவாள், வேலை முடிந்த பிறகு. வேலைதான் முடிந்தபாடில்லை.

மறுநாள் படகேறிப் பழவேற்காட்டுக்குப் போனாள். முதலில் எலக்ட்ரீஷியன் அஸாருதீன் கடை. இவர்கள் வீட்டு வயரிங் அவர் போட்டதுதான். வீடியோவை அவரும் பார்த்திருந்தார்.

"பொய்யா பாய்?"

"இப்போ நடக்கப்போவுதுன்றது பொய்யா இருக்கலாம்க்கா. ஆனா அப்படி ஒண்ணு கிடையவே கிடையாதுன்னு சொல்ல மாட்டேன். சூரியன்ல பெரிய கொந்தளிப்பு வந்தாக்கூட ஊர்க் கம்பில இதே கோளாறு வரும்னு படிச்சிருக்கேன்." அவர் ஒரு வயர் துண்டை எடுத்து மேசைமேல் நீட்டினார். "இது வலை மாதிரி. வலை எவ்ளோ நீளமோ அவ்ளோ மாட்டும். நாடு பூரா ஒரே கம்பியா கோத்து வெச்சிருக்காங்க பாருங்க, அந்த நீளத்துக்கு அவ்ளோவும் வாரிகினு போய் கடைசில கீற டிரான்ஸ்பார்மர் தலையில கொட்டும்."

"எங்க மெஷினு?"

"கம்பில சொருவாத சின்ன சாமானு தப்பிக்கும்னு நெனைக்கிறேன். சத்தியம் பண்ண மாட்டேன். சொருவி இருந்தா, போச்சின்னு வெச்சுக்கோங்க."

ருக்கு அந்த வயரின் நுனியைத் தொட்டுப் பார்த்தாள். சொருகினால்தான் புருஷனுக்கு மூச்சு. சொருகாமல் இருந்தால்தான் மெஷினுக்கு உயிர்.

"நல்லா கீது நியாயம்," என்று எழுந்தாள்.

அடுத்தது பிலோமினா சிஸ்டர். ஆஸ்பத்திரியில் குமிழ்களைச் சொல்லிக் கொடுத்த அதே நர்ஸ். பணி ஓய்வு பெற்று வீட்டில் இருந்தார். கேட்டதும் சிரிக்கவில்லை, பயப்படவும் இல்லை.

"வரதன் இப்போ எவ்வளவு நேரம் மாட்டியிருக்கான்?"

"எந்நேரமும்தான் சிஸ்டர். குளிக்கும்போதுகூட."

"டாக்டர் அப்படிச் சொல்லலியே. பகலில உட்கார்ந்திருக்கும்போது கொஞ்சம் கொஞ்சமா கழட்டி வைக்கலாம்னுதானே எழுதிக் கொடுத்தார்?"

"அந்த ஆளு கழட்டறதில்ல."

"ஏன்?"

ருக்குவுக்குப் பதில் தெரியும். சொல்லத்தான் யோசித்தாள். "கழட்டினா வெளிய வரணும். குழாயோட நாலு பேரு பாக்க வரமாட்டான். குழாயில்லாம நடந்து நடுவுல முட்டிகினா மானம் போயிடும்னு வரமாட்டான். மெஷினு கீற வரைக்கும் அவனுக்கு நல்ல சாக்கு."

பிலோமினா, டாக்டரிடம் போனில் பேசிக் கேட்டுக்கொண்டார். ஒரு சிலிண்டருக்கு ஏற்பாடு செய்தார். மெதுவாக வைத்தால் அது அரை நாள் வரும். விரலில் மாட்டினால் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று எண்ணாகக் காட்டும் கருவியையும் கொடுத்து, எந்த எண்ணுக்குக் கீழே இறங்கினால் உடனே குழாயை மாட்ட வேண்டும் என்று மூன்று தரம் சொன்னார். மூன்றாவது தரம் ருக்குவைத் திருப்பிச் சொல்லச் சொன்னார்.

சிலிண்டர் அரை நாள். மீதிக்கு? குப்பத்தில் ஒரு ஜெனரேட்டர் இருந்தது. திருவிழாவுக்கு வாங்கியது. ருக்கு திரும்பி வந்தபோது ஊர் ஆண்கள் கோயில் முன்னால் கூடி அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இந்த ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. எந்த நாள், எந்த இடம், யாருடைய முறை என்று சீட்டுப் போட்டுப் பிரித்துவைத்திருக்கிறார்கள். அதற்குப் பெயர் பாடு. பாடு விழுந்தவன் வலையைப் போடுவான், மற்றவன் கரையில் இருப்பான். தகராறு வராமல் இத்தனை தலைமுறை ஓடியது அதனால்தான். ஆகவே ஜெனரேட்டரை எப்படிப் பங்கிடுவது என்ற கேள்வி வந்ததும் எவரும் நெடுநேரம் யோசிக்கவில்லை. பாடு போட்டுவிடலாம் என்றார்கள். சீட்டு விழுந்த வரிசைப்படி வீட்டுக்கு இவ்வளவு நேரம். நோயாளி வீடு, ஐஸ் பெட்டி வீடு என்ற பேச்சே எழவில்லை. பாடு முறையில் அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

இதில் இன்னொரு வழக்கமும் இருந்தது. சீட்டை அந்தந்த வீட்டு ஆண் கோயில் முன்னால் வந்து தன் கையால் எடுக்க வேண்டும். வராத வீட்டுக்குச் சீட்டு இல்லை. வரதன் ஏரிக்குப் போவதை நிறுத்தியதிலிருந்து அவன் வீட்டுக்கு எந்தப் பாடும் இல்லை.

"நான் எடுக்கறேன்," என்றாள் ருக்கு.

"வழக்கமில்லயேம்மா," என்றார் ஊர்த் தலைவர். கெட்ட மனிதர் இல்லை. தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார். "ஒனக்குக் குடுத்தா நாளிக்கு ஏரிப் பாட்டுக்கும் வேற ஆளு வந்து நிப்பாங்க. ஞாயித்துக்கெழம சீட்டு. வரதன வரச் சொல்லு. வந்தா பேரு சேந்துடும்."

கூட்டத்தில் இருந்த சுபாஷ் எழுந்தான். வரதனோடு ஒரே படகில் வருஷக்கணக்கில் போனவன். "அண்ணனால எப்படி வர முடியும்? பாவம்."

"பாவமெல்லாம் நீ வெச்சுக்கோ," என்றாள் ருக்கு. "வருவான்."

வழக்கத்தோடு சண்டை போட அவளால் முடியாமல் இல்லை. நாள் போதாது. அதோடு, வேறொன்றும் மனதில் ஓடியது. இரண்டு வருஷமாக அவள் கெஞ்சியும் அதட்டியும் வாசல் தாண்டாத மனிதனை வெளியே இழுக்க ஒரு குண்டுப் புரளி உதவும் என்றால், உதவட்டும்.

வரதன் கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"மூக்கணாங்கயிறோட என்ன சந்தைக்கு ஓட்டிகினு போறியா?"

"கயிற கழட்டிட்டுதான் வரப்போற."

"வழில செத்துட்டா?"

"யோவ், கோயிலுக்குப் பக்கத்துலதான சுடுகாடு. தூக்கிகினு போவறவங்களுக்கு நட மிச்சம்."

அவன் தோள் குலுங்கியது. சிரிக்கிறானா இருமுகிறானா என்று பார்க்க ருக்கு சுற்றி வந்தாள். சிரிப்புதான், பின்னால் இருமல்.

காலை வெயில் ஏறுமுன் பயிற்சி தொடங்கியது. ருக்கு மெஷினை நிறுத்தி, பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிடுவாள். முதல் நாள் அந்தச் சத்தம் நின்றதும் வரதன் முகம் வெளுத்தது. கரண்டே போய்விட்டதுபோல் கட்டிலைப் பிடித்துக்கொண்டான். ருக்கு அவனை முன்பக்கம் சாய்ந்து, முழங்கையைத் தொடைமேல் ஊன்றி உட்காரச் சொன்னாள்.

"மூக்கால இழு. உதட்டக் குவிச்சு வுடு. எரியற மெழுகுவத்தி ஆடணும், அணையக் கூடாது. அப்படி ஊது."

"இந்த வயசுல மெழுகுவத்தி ஊதறேன்."

"பேசாத. பேசறதுக்கு வேற காத்து செலவாவுது."

விரல் கருவியின் எண் இறங்கும், ஒரு இடத்தில் நிற்கும், ஊத ஊத மெல்ல ஏறும். அது ஏறுவதை வரதன் ஓரக்கண்ணால் பார்த்தான். மறுநாள் வாசல் வரை. அதற்கடுத்த நாள் கீதா வீட்டு வேலி வரை. கீதா வேண்டுமென்றே வெளியில் வராமல் ஜன்னலுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். அவளுக்கும் புத்தி உண்டு. ஒரு நாள் எண் சட்டென்று கீழே போய்விட, ருக்கு குழாயை மாட்டி, அன்றைய பயிற்சியை அத்தோடு முடித்தாள். அவன் இன்னொரு தரம் போகிறேன் என்றான். முடியாது என்றாள்.

"இத்தினி நாளு போ போன்னு துரத்தின. இப்போ போறேன்னா வேணான்ற."

"உன்ன துரத்தறதும் நான்தான், நிறுத்தறதும் நான்தான். கஞ்சி குடி."

ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டான். பொத்தானை ருக்கு போடவில்லை. கையைத் தூக்கிப் பொத்தான் போடுவதிலேயே பாதி மூச்சு போகும் என்று தெரிந்தும், பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிலிண்டரைக் கீதாவிடம் கொடுத்து, ஓலைக் கூடையில் மறைத்துப் பின்னால் வரச் சொன்னாள்.

கோயில் தூரம் இல்லை. நல்ல கால் உள்ளவன் வெற்றிலை மெல்லும் நேரத்தில் போய்விடுவான். வரதன் வேலியைத் தாண்டினான். வலைக் குவியலைத் தாண்டினான். அதற்கப்புறம் மணல் ஆழமாக இருந்தது. கவிழ்த்து வைத்திருந்த ஒரு படகின்மேல் இரண்டு கையையும் ஊன்றி நின்றுவிட்டான். முதுகு ஏறி இறங்கியது. கோயில் முன்னால் நின்ற ஆண்கள் எல்லோரும் இந்தப் பக்கம் திரும்பினார்கள். எதற்குப் பயந்து இரண்டு வருஷம் உள்ளே கிடந்தானோ அது நடந்துவிட்டது.

ருக்கு அவன் விரலில் இருந்த கருவியைப் பார்த்தாள். எண் எல்லைக்கு மேலேதான் இருந்தது, மயிரிழையில்.

"சட்டிய இங்க கொண்டாங்க," என்று கத்தினாள். "கையாலதான எடுக்கணும், காலால இல்லயே?"

தலைவர் சீட்டுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு எட்டு வைத்தார்.

வரதன் தலையைத் தூக்கவில்லை. உதட்டைக் குவித்து ஊதினான். இன்னொரு தரம் ஊதினான். "கத்தாதடி," என்றான். "கொஞ்ச தூரந்தான்." படகிலிருந்து கையை எடுத்தான்.

அவன் நடந்து வந்து சேருமுன் சுபாஷ் பீடியை மணலில் அழுத்தி அணைத்தான். வரதன் கோயில் படியில் உட்கார்ந்து, மூச்சு அடங்கிய பிறகு, சட்டிக்குள் கையை விட்டான்.

கடைசிக்கு முந்தின சீட்டு.

முதல் சீட்டு எடுத்திருந்தவன் சுபாஷ். "அண்ணே, மாத்திக்கலாம். எனக்கு இன்னா அவசரம்? என் பல்பு எரியாட்டா குடியா முழுகிடும்?"

நாலைந்து பேர் ஆமாம் என்றார்கள். தலைவரே சரி என்கிற மாதிரி பார்த்தார்.

"பாடுன்னா பாடு," என்றான் வரதன். மெதுவாகத்தான் சொன்னான். அதற்குமேல் சத்தம் வரவில்லை. "மாத்திக்கினா நான் எதுக்கு நடந்து வந்தேன்?"

ருக்குவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு பேர் நடுவில் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பும்போது கீதாவும் வரதனும் முன்னே போக, சுபாஷைத் தனியாகப் பிடித்தாள்.

"தோ பாரு. சிலிண்டரு அரை நாளு வரும். பகல்ல கொஞ்ச நேரம் அவனே தாங்குவான். மிச்சத்த எங்க பாடு பாத்துக்கும். அப்படியும் அவனுக்கு முட்டிச்சுன்னா, நான் வந்து உன் வூட்டு வயர உருவிகினு போவேன். அவன கேக்கமாட்டேன், உன்னயும் கேக்கமாட்டேன்."

"சரி அண்ணி," என்றான் சுபாஷ். "நானே உருவிக் குடுக்கறேன்."

வீட்டுக்கு வந்து குழாயை மாட்டிய பிறகுதான் புருஷனுக்கு வசவு கிடைத்தது. கௌரவம் பெரிசா மூச்சு பெரிசா, கடைசிக்கு முந்தின சீட்டை எடுக்கத்தான் அந்தக் கையா, அதை நான் முன்னாலேயே கழுவி விட்டிருக்கணும். வரதன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான். நன்றாக வைது முடித்ததும், "நடந்தேன்ல?" என்றான்.

"நடந்த," என்றாள்.

அன்று மாலை டிவியில் எல்லைச் சண்டை நின்றுவிட்டது என்று சொன்னார்கள். குப்பத்தில் ஒரே சிரிப்பு. இருட்டும் வரவில்லை, குண்டும் வரவில்லை, சும்மா பாடு போட்டோம் என்று ஆளாளுக்குக் கேலி செய்தார்கள். ஜெனரேட்டரைத் தகரக் கொட்டகையில் போட்டுப் பூட்டிவிடலாம் என்று தலைவர் சாவியை எடுத்தார். ருக்கு போய் முன்னால் நின்றாள்.

"சண்டதான நின்னுது? கம்பி அதே கம்பிதான? நாளிக்குச் சூரியன் கொந்தளிச்சாலும் அதுதான், புயல்ல கம்பம் சாஞ்சாலும் அதுதான். அன்னிக்கி ராத்திரி இருட்டுல வயரத் தேடுவீங்களா? எல்லா வூட்டுக்கும் ஓட்டிப் பாத்துட்டு அப்புறம் பூட்டுங்க."

மறுநாள் காலை அப்படியே செய்தார்கள். அஸாருதீன் முதல் படகில் வந்து சேர்ந்தார். சீட்டு வரிசைப்படி ஒவ்வொரு வீட்டுக்கும் வயர் போனது, ஒரு விளக்கு எரிந்தது, அடுத்த வீட்டுக்கு நகர்ந்தது. வரதன் வீட்டு முறை வந்தபோது வெயில் ஏறிவிட்டது. ருக்கு பிளக்கைச் சுவரிலிருந்து உருவி ஜெனரேட்டர் வயரில் சொருகினாள். மெஷின் ஒரு கணம் கீச்சென்று கத்தி நின்றுபோனது. அஸாருதீன் நடுவில் ஒரு ஸ்டெபிலைசரை வைத்து, ஜெனரேட்டரின் வேகத்தைக் கொஞ்சம் ஏற்றினார். மறுபடி போட்டார்கள். இந்த முறை அது மூச்சு விட ஆரம்பித்து, விடாமல் ஓடியது. ருக்கு குழாயின் நுனியைத் தண்ணீர் டம்ளரில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்தாள். வந்தது. துடைத்து வரதன் மூக்கில் மாட்டினாள்.

சற்று நேரம் ஓடிய பிறகு வரதன் தானே குழாயைக் கழற்றிக் கட்டில் கம்பியில் தொங்கவிட்டான்.

"எங்க கெளம்பிட்ட?"

"பாடு முடிஞ்சவன்தான் அடுத்த வூட்டுக்குப் போய்ச் சொல்லணும்," என்றான். "இன்னா, வழக்கம் தெரியாதவளா கீற."

கடைசிச் சீட்டு, தெருக்கோடியில் இருந்த வீட்டுக்கு. வரதன் வேலியைப் பிடித்தபடி இறங்கி, வெயிலில், உதட்டைக் குவித்து ஊதிக்கொண்டே அந்தப் பக்கம் நடந்தான். ருக்கு கூடப் போகவில்லை. பின்வழியாகச் சுற்றிப் போய், பாதி தூரத்தில் நிழல் பார்த்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுவிட்டு, நண்டு கழுவ வீட்டுக்குத் திரும்பினாள்.